பிரம்பு திரும்பி வர வேண்டாம்

பள்ளியில் மாணவர்களுக்குள் அடிதடி என்று செய்தி வந்தால் போதும், டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே தீர்ப்புதான்: “வாத்தியார் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கினார்கள், பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்.” “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று பிள்ளையை ஒப்படைத்த தலைமுறையிடமிருந்து வந்த நம்பிக்கை இது. எந்தக் கொடுமையை ஒழிப்பதாகச் சொல்கிறதோ, அதையே இது வளர்க்கிறது.

காலக்கணக்கே இதற்கு எதிராக நிற்கிறது. தமிழகப் பள்ளி விதிகளில் அடிக்க இருந்த அனுமதி நீக்கப்பட்டது 2003-ல். கட்டாயக் கல்விச் சட்டம் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் நாடு முழுக்கத் தடை செய்தது 2009-ல். சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டதோ 1996-ல். மறு ஆண்டே ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. பிரம்பு கோலோச்சிய பள்ளிகளில் படித்துவிட்டு வந்தவர்களைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் தேவைப்பட்டது.

பிரம்புள்ள வகுப்பு எப்படி நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆசிரியர் வெளியே போகும்போது, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிவிட்டுப் போவார். சாக்பீஸ் வகுப்புத் தலைவன் கையில். கூட்டாளி பேசினால் அவன் காதில் விழாது. கடலை மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழியும். பிடிக்காதவன் வாயே திறக்காவிட்டாலும் பெயர் ஏறும், பக்கத்தில் பெருக்கல் குறியும் விழும். திரும்பி வந்த ஆசிரியர் ஒரு வார்த்தை விசாரிக்காமல் கையை நீட்டச் சொல்வார். பலம் உள்ளவன் அடிக்கலாம், நியாயம் கேட்டால் இன்னும் இரண்டு விழும் என்ற பாடத்தை மொத்த வகுப்பும் அங்கே கற்றுக்கொள்கிறது. ஆசிரியரே ஒரு பிள்ளையை “குண்டு”, “மக்கு” என்று கூப்பிட்டால், இடைவேளையில் வகுப்பே அப்படிக் கூப்பிடுகிறது.

அடிக்குப் பயந்த பிள்ளை ஆசிரியரிடம் முறையிடாது. “நீ என்னடா பண்ணினே?” என்றுதான் முதல் கேள்வி வரும் என்று அதற்குத் தெரியும். கழிப்பறையிலும் பேருந்திலும் நடக்கும் வதை ஆசிரியர் காதுக்கு எட்டாமலே போகிறது. வகுப்பு அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியை ஒழுக்கம் என்று நாம் மெச்சிக்கொள்கிறோம்.

பள்ளியின் சூழல் என்ன செய்யும் என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 280-க்கும் மேற்பட்ட பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 7,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2013-ல் வெளியானது. கேலியும் மிரட்டலும் மலிந்த பள்ளிகளில் மாணவர்களுக்குப் பொதுவாகவே பள்ளியின் மீது பற்று குறைந்திருந்தது. பள்ளி நடவடிக்கைகளில் கலந்துகொள்வதும் குறைந்திருந்தது. இத்தகைய ஆய்வுகளில் முன்னின்ற உளவியலாளர் டூயி கார்னெலின் குழு இன்னொன்றையும் கண்டது. விதிகள் கண்டிப்பாகவும் பாரபட்சமில்லாமலும் இருந்து, ஆசிரியர் தங்கள் மீது அக்கறை உள்ளவர் என்று பிள்ளைகள் நம்பிய பள்ளிகளில் வதை குறைவாக இருந்தது.

“அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா?” என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். யார் பிள்ளை என்று பார்க்காத விதி வேண்டும். தவறு செய்தவன் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இதற்கெல்லாம் ஆசிரியருக்கு நேரமும் நிதானமும் தேவை. பிரம்புக்கு இரண்டும் தேவையில்லை. அதனால்தான் அது எளிதாகக் கைக்கு வருகிறது.

நிதானமாகக் கவனிக்க வேண்டிய அறிகுறி தவறிப்போனால் என்ன ஆகும் என்பதை நாங்குநேரி காட்டியது. 2023 ஆகஸ்டில் அங்கே பட்டியலினப் பிளஸ் டூ மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்; அவருடைய தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்பே, சாதித் தொல்லை தாங்காமல் அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளை வராமல் போவதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒரு பள்ளிக்கு வேறென்ன? அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024-ல் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், சாதிக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. இவை பள்ளியின் சூழலை மாற்றும் வேலைகள்.

ஆசிரியர்களின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. நெரிசலான வகுப்பு, ஓயாத பதிவேட்டு வேலை, பெயரளவுக்கு ஓர் ஆலோசகர். இதற்கு மேல் மாணவர்களின் மிரட்டல். அவர்கள் கேட்க வேண்டியது பிரம்பை அல்ல; கூடுதல் ஆசிரியர்களை, பள்ளிதோறும் முழுநேர ஆலோசகரை. அந்தக் கோரிக்கைக்கு நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.

பெற்றோரும் இனி தோலை உரிக்கச் சொல்ல வேண்டாம். சேர்க்கையின்போது தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: “என் பிள்ளைக்கு ஒரு தொல்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்ன பிறகு என்ன செய்வீர்கள்?” இதற்குப் பதில் இல்லாத பள்ளி எத்தனை சென்டம் காட்டினாலும் நம்பி அனுப்பத் தக்க பள்ளி ஆகாது.