மரணச் சான்றிதழ் வாங்கினால் மகன் இறந்துவிடுவானா?

வீதியோரக் கொட்டில்களில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு அமர்ந்திருக்கும் இலங்கை வடக்கின் தாய்மார், இனியாவது மரணச் சான்றிதழைப் பெற்று, காரியம் செய்து, தங்கள் வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமாம். சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். முடியாத துக்கம் நோயாகிவிடும் என்கிறார். இராணுவத்திடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு கிழவியிடம் கேட்பது அக்கறையல்ல, கோழைத்தனம்.

அவர்கள் வாழவில்லை என்று யார் சொன்னது? பேரப்பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். கூலிக்குப் போனார்கள், கடன் கட்டினார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகத் தொடங்கிய போராட்டத்தை வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காகக் கொண்டு நடத்தினார்கள். மனம் முடங்கியவர்கள் செய்கிற வேலையா இது?

காரியம் செய்யச் சொல்கிறார். திவசத்துக்குத் திதி வேண்டும். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை இருக்கிறதே என்று அவர் சொல்லக்கூடும். ஆள் இறந்தது உறுதி, நாள்தான் தெரியாது என்பவர்களுக்கு அது சரி. 2009 மே மாதம் போரின் முடிவில் வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்து, அவனைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவள் எதை நம்பி எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்வாள்? உயிரோடு கொடுத்த பிள்ளையை அவளே சாகடித்துவிட வேண்டும் என்கிறீர்களா?

மரணத்தை ஏற்க அவர்கள் மறுக்கிறார்கள் என்பது அவருடைய அடுத்த குற்றச்சாட்டு. இது அப்பட்டமான பொய். 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழியில் ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப்பையும் பொம்மையும் வெளிவந்தன. அகழ்ந்தெடுத்த பொருட்களை அடையாளம் காண்பதற்காக ஆகஸ்டில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். உறவினர்கள் வரிசையில் நின்று, மண் படிந்த துணிகளையும் செருப்புகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்கள். தன் பிள்ளையின் சட்டை அதில் இருந்துவிடக் கூடாது என்றும், இருந்தால் தெரிந்தாவது போகட்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். உண்மைக்குப் பயந்தவர் யாரும் அங்கே கால் வைக்க மாட்டார்.

துக்கத்தை முடித்துத்தான் தீர வேண்டும் என்பதும் மனநலத் துறை ஒருமித்துச் சொல்லும் பாடம் அல்ல. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பாஸ், இதற்கு நேர்மாறாகவே சொல்லிவருகிறார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத இழப்பில் கோளாறு சூழ்நிலையில்தான் இருக்கிறது, துக்கப்படுபவரிடம் இல்லை. முடித்துக்கொள் என்று நெருக்குவது காயத்தைக் கிளறும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். எங்கே, எப்படி, யார் கையால் என்று சொல்லவில்லை. 2022இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா தர அமைச்சரவை முடிவெடுத்தது. அப்போதும் பதில் வரவில்லை. கட்டுரையாளர் அந்த அரசின் குரலில்தான் பேசுகிறார், கொஞ்சம் மென்மையாக.

போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பட்டியல் தங்களிடம் இருப்பதாக 2015 இறுதியில் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் 58ஆவது படைப்பிரிவின் தளபதியே ஒப்புக்கொண்டார். பிறகு வந்ததோ புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். அந்த முதல் பட்டியலைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதும் துணிவு இருந்தால் அதை வெளியிடச் சொல்லி எழுதட்டும். அதுவரை அந்தக் கொட்டில்களின் பக்கம் அவர் புத்திமதியோடு வர வேண்டாம்.