சாலைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு

வீடு கட்டக் கடன் பெறுபவருக்கு வங்கி முழுத் தொகையையும் ஒரே நாளில் வழங்குவதில்லை. அடித்தளம், சுவர், கூரை என ஒவ்வொரு நிலையும் முடிந்ததைப் பொறியாளர் நேரில் கண்டு சான்றளித்த பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்படுகிறது. பாஸ்புக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் வாடிக்கையாளர் மறுநாளே கிளைக்கு வந்து காரணம் கேட்கிறார். சொந்தப் பணத்தில் இத்துணை விழிப்புடன் இருக்கும் நாம், வரிப்பணத்தில் இடப்படும் சாலையின் கணக்கைக் கேட்பதில்லை.

அதற்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அளவுப் புத்தகம் என்பது அதன் பெயர். இட்ட சாலையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றைப் பொறியாளர் அதில் பதிவு செய்கிறார்; அதன் அடிப்படையிலேயே ஒப்பந்ததாரரின் பட்டியலுக்குப் பணம் வழங்கப்படுகிறது. மூன்று அங்குலம் எனப் பதிந்து இரண்டு அங்குலம் இட்டால், அந்த ஓர் அங்குலமே ஊழல். முதல் மழையில் அது பள்ளமாக வெளிப்படும்போது பணம் கைமாறியிருக்கும்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் முதல் மனு அளிக்கப்பட்டது புனேயின் ஒரு காவல் நிலையத்தில்தான். ஆவணங்களைப் பார்வையிடுவதோடு, பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைப் பெறவும் அச்சட்டம் குடிமக்களுக்கு உரிமை அளிக்கிறது. புனே மாநகராட்சி 2009இல் ஒரு படி மேலே சென்றது. திங்கட்கிழமைதோறும் பிற்பகல் 3 முதல் 5 மணி வரை, மனு ஏதுமின்றியே கோப்புகளைப் பார்வையிடலாம் என அறிவித்தது. 2018இல் மாநில அரசும் மாவட்ட அலுவலகங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இவ்வாறே ஆணையிட்டது.

இதன் அருமையை உணர ஒரு துயர நிகழ்வை நினைவுகூர வேண்டும். புனேயை அடுத்த தளேகாவில், நில முறைகேடுகளை வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரி 13 அன்று காலை நடைப்பயிற்சியின்போது வெட்டிக் கொல்லப்பட்டார். மனுவில் கேட்டவரின் பெயரும் முகவரியும் இருக்கும். கோப்பு அனைவருக்கும் திறந்திருந்தால், பகைத்துக்கொள்ளத் தனியொருவர் பெயர் இராது.

கோப்புகளைத் திறந்து வைத்தால் அலுவலர்களின் நேரம் வீணாகும் என்பர். ஆண்டுதோறும் தணிக்கையை எதிர்கொள்ளும் வங்கி அலுவலன் என்ற முறையில் நான் அறிந்தது வேறு: கணக்கைப் பிறர் பார்ப்பது நேர்மையானவருக்குச் சுமையன்று, அதுவே அவருக்குக் காப்பு. தவறாகப் பதியுமாறு வற்புறுத்தப்படும் இளம் பொறியாளர், “இதைப் பொதுமக்கள் பார்ப்பார்கள்” எனக் கூறி மறுக்க இயலும்.

கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே செல்வோரும் வேண்டும். நம் குடியிருப்புச் சங்கங்களில் மாதம் ஒருவர் இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும், தம் தெருவின் அளவுப் புத்தகத்தைப் படித்துவிடலாம். பாஸ்புக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு அது கடினமன்று.