நியூட்ரலில் இறங்கினால் எண்ணெய் மிச்சமா?

மொழியியல் பயிலும் ஒருவர் வண்டி எஞ்சினைப் பற்றி எழுதுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு கருத்து, தன்னைப் பிறப்பித்த சூழல் மறைந்த பின்னும் மக்கள் பேச்சில் எவ்வாறு நிலைபெறுகிறது என்பது எம் துறையின் கேள்வியே. இடுக்கி மாவட்டத்தின் எல்லைச் சாலைகளில் தமிழிலும் மலையாளத்திலும் ஒருசேர வழங்கும் அத்தகைய கருத்து ஒன்று உண்டு: இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம். இன்றைய வண்டிகளைப் பொறுத்தவரை மலைச்சாலையில் இது பிழை. அப்பிழைக்கான விலையைப் பெரும்பாலும் வண்டியில் அமர்ந்திருப்போரே கொடுக்க நேரிடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

வண்டி கியரில் இருக்கையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. எஞ்சின் நின்றுவிடாமல் காக்க எரிபொருள் தேவையில்லை. இதனை உணரும் கட்டுப்பாட்டுக் கருவி இஞ்செக்டர்களை மூடிவிடுகிறது. நியூட்ரலிலோ அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள வேண்டும். மெக்கானிக்குகள் ஐடிலிங் என்று கூறும் அந்நிலையில் ஒரு சிற்றுந்து மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். கியரில் இறங்கும்போதும் வளைவுகளில் வேகம் மிகக் குறைந்தால் எரிபொருள் மீண்டும் செல்லும் என்பது உண்மையே. எனினும் மொத்தக் கணக்கில் மிச்சம் கியரின் பக்கமே நிற்கிறது.

அப்படியாயின் இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் வண்டிகளிலிருந்து வந்தது. அவற்றில் கியரில் இறங்கும்போதும் எஞ்சினின் உறிஞ்சல் பெட்ரோலை இழுத்துக்கொண்டேயிருக்கும். ஆகவே அந்நாளைய ஓட்டுநர் கூறியது முற்றும் பொய்யன்று. தமிழில் எள்ளின் நெய்யே எண்ணெய். எள் மறைந்த பின்னும் தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம். அதுபோலக் கார்புரேட்டர் போன பின்னும் அதன் அறிவுரை தங்கிவிட்டது. சொல் அவ்வாறு தங்குவதால் கேடில்லை. ஓட்டுநரின் பழக்கம் தங்கினால் கேடு உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்த பின் புதிய இருசக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்தது. டீசல் ஜீப்புக்கோ இவ்வறிவுரை முன்பும் பொருந்தியதில்லை. பழைய டீசல் பம்பிலுள்ள கவர்னரே, காலை எடுத்தவுடன், எஞ்சின் வேகம் ஐடிலிங் அளவுக்கு இறங்கும்வரை டீசலை நிறுத்திவைக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வால்வோ, ஸ்கானியா போன்ற நிறுவனங்கள் தம் லாரிகளில் தாமே நியூட்ரலுக்கு மாறும் வசதியை வைத்துள்ளனவே என்று கேட்கலாம். அவ்வசதி மென்சரிவுக்கானது. பிரேக் தேவைப்படாத சரிவில், தடையின்றி உருளும் தூரம் ஐடிலிங் செலவை ஈடுசெய்துவிடும். சரிவு கூடினால் கணினியே கியரை மீண்டும் பூட்டிவிடும். வாளையாறிலிருந்து பாலக்காடு நோக்கிச் செல்லும் கணவாய்ச் சாலையில் சரிவு மிகக் குறைவு. நெடுஞ்சாலை வேகத்தைத் தக்கவைக்க அது போதாது. போடிமெட்டிலோ சரிவு மிகுதி; கிடைக்கும் வேகத்தையெல்லாம் பிரேக்கில் கொட்டித் தீர்க்க வேண்டும்.

அந்தப் பிரேக்கின் கதையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிநாயக்கனூருக்கு வரும் வண்டி ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்குகிறது. ஆட்களுடன் இரண்டு டன் எடையுள்ள ஜீப் அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் சாலையும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியதைக் கியரில் வந்தால் எஞ்சின் பெருமளவு தாங்கும்; நியூட்ரலில் வந்தால் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிமானத்தை இழக்கும். அந்த நேரத்தில் ஓடும் வேகத்தில் மீண்டும் கியர் போடுவது எளிதன்று.

ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் சென்று திரும்பும் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், இவ்விறக்கங்களில் பயணிக்கிறார்கள். எண்ணெய்ச் செலவு ஓட்டுநரின் வருவாயிலிருந்து கழியும் இடத்தில், அவர் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்ப்பதை அறியாமை என்று நாம் இகழ்வது தகாது. அவருடைய நோக்கம் சரி. கையிலுள்ள தகவல்தான் பழையது.

நம் பாதுகாப்புப் பரப்புரையின் குறை இங்கேதான் இருக்கிறது. நியூட்ரலில் இறங்காதே, ஆபத்து என்று மட்டும் கூறுவது, மிச்சம் உண்டு என்பதை மறைமுகமாக ஒப்புக்கொள்வதாகும். உயிரா, காசா என்ற தேர்வாக அதை முன்வைக்கிறோம். வறுமையில் உள்ளவர் பலமுறை காசைத் தேர்ந்து, ஒருமுறை தோற்பார். உண்மையில் அங்கே அத்தகைய தேர்வே இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்னும் பழைய ஓட்டுநர் மொழி, உயிர், காசு இரண்டையும் காக்கிறது.

எனவே இயந்திரவியல் துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே இறக்கத்தில், ஒரே வண்டியில், கியரிலும் நியூட்ரலிலும் ஆகும் செலவை அளப்பது மாணவர் செய்முறைக்கு உகந்த சிறு பணி. வழக்கமாக ஓடும் ஜீப்பிலேயே, அனுபவமுள்ள ஓட்டுநரின் துணையோடு, ஆளில்லாத மென்சரிவில் அதைச் செய்யுங்கள். விடையைத் தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு வரியாக எழுதி, குமுளியிலும் கம்பமெட்டிலும் போடிமெட்டிலும் ஜீப் நிற்குமிடத்தில் ஒட்டுங்கள். ஆய்விதழில் வெளிவருவதைக் காட்டிலும் அங்கே அதற்கு வாசகர் மிகுதி.