வாயில்லாத் தோழன்

நாய் நன்றி உள்ள பிராணி. எஜமான் நடந்தால் நடக்கும். ஓடினால் ஓடும். "போதும், கால் வலிக்கிறது" என்று மட்டும் ஒரு நாளும் சொல்லாது.

சைக்கிளில் போகிறவர்கள் நாயைக் கூட ஓட விடுகிறார்கள். அப்படிச் செய்கிறவர் நாய்க்காகவும் சேர்த்து யோசிக்க வேண்டும். அது மலைப் பாதையாக இருந்தால், எதிரே வருகிறவருக்காகவும் யோசிக்க வேண்டும்.

மலை ஏறிய சைக்கிள்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே டாமல்பையஸ் என்று ஒரு மலை. உயரம் 2,500 அடிக்கு மேல்.

1970-ம் ஆண்டுகளில் அந்த வட்டாரத்து வாலிபர்கள் சிலர், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றை மேட்டுக்குக் கொண்டுபோய், மண் பாதையில் கீழ் நோக்கி ஓட்டினார்கள்.

1976-ம் ஆண்டு அக்டோபரில் போட்டியே வைத்தார்கள். தூரம் சுமார் 2 மைல். இறக்கம் சுமார் 1,300 அடி. கீழே வந்து சேருவதற்குள் பிரேக் கொதிக்கும். அதில் உள்ள கிரீஸ் புகைந்து போகும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கு "ரீபேக்" என்றே பெயர் வந்தது. மறுபடி அடைப்பது என்று அதற்குப் பொருள்.

அந்த விளையாட்டு உலகம் எங்கும் பரவியது. 1996-ல் அட்லாண்டா நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்திலும் இடம் பெற்றது. சைக்கிள் போன இடத்துக்கு நாயும் போயிற்று.

ஒரே வட்டாரம், மூன்று சட்டம்

அந்த மலைக்கும் சுற்றுப்புறத்துக்கும் சொந்தக்காரர் ஒருவர் அல்ல. ஒரு பகுதி மாநிலப் பூங்கா. ஒரு பகுதி குடிதண்ணீர் இலாகாவுக்கு உரியது. ஒரு பகுதி மாவட்ட நிர்வாகத்துக்கு உரியது.

மாநிலப் பூங்காவின் காட்டுப் பாதைகளில் நாய் நுழையவே கூடாது. தண்ணீர் இலாகா நிலத்தில் நாய் போகலாம். ஆனால் கயிற்றில் கட்டித்தான் அழைத்துப் போக வேண்டும். மாவட்ட நிலத்தில், தீயணைப்பு வண்டிக்காகப் போட்ட அகலமான பாதைகளில், சொன்ன சொல் கேட்கும் நாயை அவிழ்த்து விடலாம். குறுகலான பாதைக்கு வந்தால் அங்கேயும் கயிறு வேண்டும்.

ஒரே காலைப் பொழுதில் மூன்று சட்டமும் குறுக்கிடலாம். ஆகவே பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையை நின்று படிக்க வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது பதில் ஆகாது.

யார் ஒதுங்குவது?

மலைப் பாதையில் சைக்கிள்காரருக்குத்தான் கடைசி இடம். நடந்து வருகிறவருக்கு அவர் வழி விட வேண்டும். குதிரையில் வருகிறவருக்கும் வழி விட வேண்டும்.

குதிரை பெரிய பிராணி. ஆனால் பயந்த பிராணி. சக்கரம் சத்தம் இல்லாமல் வந்தாலும் மிரளும். நாய் காலடியில் ஓடினாலும் மிரளும். மிரண்டால் மேலே இருக்கிறவர் கீழே விழுவார்.

ஆகவே குதிரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். பாதையின் பள்ளமான பக்கம் ஒதுங்கி, நாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, குதிரைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். பேச்சுக் குரல் கேட்டால், நிற்பது மனிதன் என்று குதிரைக்குத் தெரியும்.

"ஒன்றும் செய்யாது!"

நாய் வளர்ப்பவர் எல்லாருக்கும் வாயில் ஒரு வார்த்தை தயாராக இருக்கும். "பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது!"

அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் எதிரே வரும் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அந்தக் குழந்தை முன்பு ஒரு நாயிடம் கடிபட்டதாக இருக்கலாம். ஓடி வரும் நாயைப் பார்த்ததும் அது அலறும். பாதையை விட்டு ஓடும். பக்கத்தில் பள்ளம் இருந்தால் என்ன ஆகும்?

நாய் கடித்தால்தான் குற்றம் என்பது இல்லை. பயப்படுத்தினாலும் குற்றம்தான். ஆளைக் கண்டதும் நாயைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்வதே மரியாதை. கூப்பிட்டால் வராத நாயை மலைக்கு அழைத்துப் போகவே கூடாது.

கயிற்றைச் சைக்கிளின் கைப்பிடியில் சுற்றி வைப்பதும் ஆபத்து. ஓர் அணிலைப் பார்த்து நாய் பாய்ந்தால், சைக்கிளும் ஆளும் சேர்ந்து விழ வேண்டியதுதான். நாய் அசுத்தம் செய்தால் அதை எடுத்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பையை மரத்தில் மாட்டிவிட்டு வருவது, அசுத்தத்தோடு பையையும் விட்டு வருவதுதான்.

உயிருக்கு ஆபத்து எப்போது?

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு உள்ளங்காலில்தான் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

இறக்கத்தில் சைக்கிள்காரர் மிதிக்க வேண்டியது இல்லை. காற்று முகத்தில் அடிக்கிறது, சுகமாக இருக்கிறது. நாய்க்கோ இறக்கத்திலும் நான்கு காலும் ஓட வேண்டும். எஜமான் இளைப்பாறும் நேரத்தில்தான் அது மிகவும் கஷ்டப்படுகிறது. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பது இல்லை.

நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். 106 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

மூச்சு அடங்காமல் இரைப்பது, எச்சில் ஒழுகுவது, ஈறு சிவந்து போவது, வாந்தி எடுப்பது, கால் தள்ளாடுவது இவையே அறிகுறிகள். கண்டவுடன் நிழலில் கிடத்த வேண்டும். உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஈரத் துணியை மேலே போட்டு மூடக் கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். தண்ணீரை வாயில் பலவந்தமாக ஊற்றவும் கூடாது. பிறகு தாமதம் செய்யாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

வெயில் ஏறுமுன் போய்த் திரும்பிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. நாய்க்கென்று தனியாகத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். அடிக்கடி நின்று கொடுக்க வேண்டும்.

எந்த நாய்க்கு ஆகும்?

குட்டிக்கு ஆகாது. பெரிய ஜாதி நாய்க்கு எலும்பு முற்ற ஒன்றரை வயதுகூட ஆகும். அதுவரை நெடுந்தூரம் ஓடவிடக் கூடாது. புல்டாக், பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு போதாது. கிழட்டு நாய்க்கும் இந்த ஓட்டம் வேண்டாம்.

திரும்பி வந்ததும் உள்ளங்காலையும் காதையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியா மலைகளில் ஒருவகைப் புல்லின் முள் உண்டு. அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நாயைக் கூட்டிப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. அது ஓடும் ஆனந்தம் தனி ஆனந்தம். ஆனால் அது வாயில்லாப் பிராணி. எதிரே வருகிறவரிடம் அதற்காகப் பேச வேண்டியவர் நீங்கள். "போதும்" என்று அதற்காகச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

அதனால் சில நாள் உச்சியைப் பார்க்காமலே திரும்ப நேரலாம். மலை எங்கும் ஓடிப் போகாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும். அன்றைக்கும் நாய் கூட வர வேண்டும் அல்லவா?