வரி நம்முடையது, நூல் யாருடையது?

ஆவடித் தொழிற்சாலையில் உழைத்துப் பருத்திப்பட்டுக்குத் திரும்பும் தோழர்களே! நூலகத்துக்கு வாருங்கள் என்றால், “அது படித்தவர்களுக்கான இடம்” என்கிறீர்கள். அல்ல, அல்ல! நம் காசில் நடக்கும் இடம் அது!

1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. வாடகை தருவோரும் அந்தச் சுமையில் பங்காளிகளே.

நாமோ மேடைப் பேச்சே போதும், நம் ஏடே போதும் என்றிருக்கிறோம். போதுமா? தமிழ்க்குடும்பத்து மொழிகளின் உறவை அறியக் கால்டுவெலின் ஒப்பிலக்கணம், 1856இல் வந்தது. நெசவாளியின் பட்டினியை உணர ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’. அடுத்துப் பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ அதன் பக்கத்தில் 1951இல் வந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’! கடைசி இரண்டையும் சேர்த்துப் படித்த ஆண்மகன், அடுப்படிக்குத் தானே போவான்!

கேட்ட நூல் இல்லையா? எழுதிக் கொடுப்போம். வரும்வரை விடாது கேட்போம். வரி கட்டியவன் வாசலில் நிற்பதா? உள்ளே நுழைவோம்!