பிரீஅம்ப் வாங்க முதல் வீட்டில் என்ன இருக்கிறதென்று பாருங்கள்



கட்டார், சவூதி என்று போய் உழைத்துவிட்டு வருகிற தம்பிமார் கொஞ்சப் பேருக்கு வீட்டில் நல்ல ஸ்டீரியோ செட் ஒன்று வைக்கிற ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். எல்லாவற்றையும் ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிவிட்ட காலத்தில், உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்று நினைப்பதே பெரிய விசயம். ஆனால் அவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "சேர், எந்த பிரீஅம்ப் எடுக்கலாம்?" என்பது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் எல்லோருக்கும் பொதுவாக என் கருத்தை எழுதிவிடுகிறேன். நம்ம ஊரில் அநேகமான வீடுகளுக்குத் தனியாக ஒரு பிரீஅம்ப் தேவையில்லை. தேவைப்படுகிற வீடுகளுக்கும் தேவை வேறொன்று.

பாடப்புத்தகத்தில் அம்ப்ளிஃபையரை விரியலாக்கி என்போம். பவர் அம்புக்கு முன்னால் நிற்பதால் இது முன்விரியலாக்கி. இதற்கு மூன்று வேலை. சீ.டி.யா, ரேடியோவா, கெஸட்டா என்று தெரிவுசெய்வது ஒன்று. சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது இரண்டு. சிறிய சமிக்ஞையைப் பெருப்பித்து பவர் அம்புக்குக் கொடுப்பது மூன்று.

இந்த மூன்றாவது வேலைக்குத்தான் நாம் காசைக் கொட்டுகிறோம். இன்று அதுதான் மிகக் குறைவாகத் தேவைப்படுகிறது. ஒரு சீ.டி. பிளேயரோ, கொம்பியூட்டரோடு மாட்டுகிற டீ.ஏ.சீ.யோ பெரும்பாலும் 2 வோல்ட் வரை வெளியே தரும். பல பவர் அம்புகள் 1 முதல் 2 வோல்ட்டிலேயே முழு வலுவையும் தந்துவிடும். அப்படியிருக்க, 4 மடங்கு பெருப்பிக்கிற பிரீஅம்பை நடுவில் வைத்தால் 2 வோல்ட் 8 வோல்ட்டாகும். அந்த 8 வோல்ட்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? வொலியூம் குமிழை எட்டு ஒன்பது மணி இடத்துக்கு மேலே திருப்ப ஏலாது. குமிழின் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் பல கருவிகளில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவில் வராது. காசும் போய், சத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

இன்னொன்று. கடைகளில் நீங்கள் சாதாரணமாகக் காண்கிற இன்டக்ரேட்டட் அம்புக்குள் பிரீஅம்ப் ஏற்கெனவே இருக்கிறது. தெரிவு குமிழும் வொலியூமும் முன்னால் இருக்கிறதே, அதுதான். அதன் ஒக்ஸ் துளையில் இன்னொரு பிரீஅம்பைக் கொண்டுபோய் மாட்டுவது சட்டைக்கு மேல் சட்டை போடுகிற வேலை.

அப்படியானால் யாருக்குத் தேவை? இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு. பழைய வீடுகளின் அலுமாரிகளில் நாகூர் ஹனிபாவின் தட்டுகள் இன்னும் இருக்கின்றன. சாதாரண மூவிங் மெக்னட் ஊசித்தலை தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். சீ.டி. பிளேயர் தருவதில் 400இல் ஒரு பங்கு. அதை 100 மடங்களவு பெருப்பித்தே ஆகவேண்டும். பெருப்பித்தால் மட்டும் போதாது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள். கேட்கும்போது அதை நேர்மாறாகத் திருப்பவேண்டும். இதற்கான ஆர்.ஐ.ஏ.ஏ. நியமம் 1954இல் வந்தது. 1 கிலோஹேர்ட்ஸோடு ஒப்பிட்டால், 20 ஹேர்ட்ஸை ஏறக்குறைய 9 மடங்கு தூக்கவேண்டும். 20 கிலோஹேர்ட்ஸைப் பத்தில் ஒன்றளவுக்கு இறக்கவேண்டும். இந்த வேலையைச் செய்வது ஃபோனோ பிரீஅம்ப். தட்டு இருந்தால் உங்கள் காசு இதற்குப் போகட்டும். அதற்கு முதல் பிளேயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். இப்போது வருகிற பலவற்றில் இது உள்ளேயே இருக்கிறது, ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்சோடு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டும் வேலைசெய்தால் சத்தம் கிழியும். 78 சுற்றுத் தட்டு என்றால் அகன்ற ஊசியும் வேண்டும். எல்.பி. ஊசியை அதில் வைத்துத் தட்டைப் பழுதாக்க வேண்டாம்.

தனி பவர் அம்ப் ஏற்கெனவே கையில் இருக்கிறது, வொலியூம் மட்டும்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு மின்சாரமே தேவையில்லாத பெசிவ் பிரீஅம்ப் போதும். உள்ளே ஒரு சுவிட்சும் ஒரு மாறுந்தடையும்தான். வயரை மட்டும் கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட வயர் போட்டால் உயர்ந்த ஒலிகள் மங்கும்.

எடுக்கத்தான் போகிறேன் என்கிறவர்களுக்குச் சில விசயங்கள்.

சத்தத்தைச் சமப்படுத்தாமல் இரண்டு கருவிகளை ஒப்பிடாதீர்கள். கொஞ்சம் கூடச் சத்தம் போடுவது எப்போதும் நல்லதாகத்தான் கேட்கும், அது காதின் சுபாவம். ஒரே தொனியைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டிலும் ஒரே வோல்ட் வருகிற மாதிரி திருப்பிவிட்டுக் கேளுங்கள். கடைக்காரர் சொன்ன வித்தியாசத்தில் பாதி அந்த இடத்திலேயே காணாமல் போய்விடும்.

பழக்கமான குரலைப் போட்டுக் கேளுங்கள். நம்ம ஆக்களுக்கு ஓதல்தான் நல்ல பரீட்சை. ஸீனும் ஸாதும் வேறு வேறாக விளங்குகிறதா, ஸீன் விசில் மாதிரி காதைக் குத்துகிறதா என்று கவனியுங்கள். காரி அப்துல் பாசித்தின் பழைய ஒலிப்பதிவுகள் பல மோனோ. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் எங்கேயோ பிழை இருக்கிறது.

பாவித்த சாமான் என்றால் எல்லாக் குமிழையும் திருப்பிப் பாருங்கள். கரகர என்றால் தொடுமுனைகள் கறுத்துவிட்டன. கடற்காற்று அடிக்கிற ஊரில் இது சீக்கிரம் வரும். ஜப்பானிலிருந்து வந்த சாமான் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம்ம 230 வோல்ட்டில் நேரே குத்தினால் அன்றோடு சரி.

கடைசியாக, டோன், பெலன்ஸ் குமிழ்கள் இருக்கிறதை எடுங்கள். அவை ஒலியின் தூய்மையைக் கெடுக்கும், அவை இல்லாததுதான் உயர்ந்தது என்று இணையத்தில் பெரிய வாதம் நடக்கிறது. நான் அதை ஏற்றுக்கொள்ளமாட்டேன். உங்கள் வாப்பாவுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தமாக இருக்கலாம். வயது போகப் போக உயர்ந்த ஒலிகள்தான் முதலில் குறையும். பெலன்ஸைக் கொஞ்சம் திருப்பி, ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டினால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். அந்தக் குமிழ் இல்லாத கருவி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அவருக்கு என்ன பிரயோசனம்? வீட்டு செட் என்றால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் கேட்கவேண்டும்.

மிச்சமாகிற காசை ஸ்பீக்கருக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் அறைக்குப் போடுங்கள். டைல் தரை, வெறும் சீமெந்துச் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள நம்ம ஹோலில் எந்த பிரீஅம்ப் வைத்தாலும் சத்தம் எதிரொலித்துக் குழம்பும். ஒரு தடித்த கார்ப்பெட்டும் மடிப்பு நிறைந்த திரைச்சீலையும் செய்கிற வித்தியாசத்தை, எத்தனை விலையுள்ள பிரீஅம்பும் செய்யாது.

பாலைவனத்து வெயிலில் நின்று உழைத்த காசு அது. தவணைக்கும் அடகுக்கும் போய் அதில் ஒரு அலுமினியப் பெட்டியை வாங்க வேண்டாம். முதலில் வீட்டில் இருக்கிற சாமான்களை, அவற்றின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதோடு, ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிக்கொண்டு ஒரு நாள் அஸருக்குப் பிறகு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது.