கடைசி ரெண்டு கிலோமீட்டர்

புறநகர் வீட்டு விளம்பரங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி, 'ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம்' என்பது. எதில் போனால் பத்து நிமிடம் என்று மட்டும் போட மாட்டார்கள். ஹெலிகாப்டராக இருக்கலாம்.

நான் குடியிருப்பது மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி. ஆபீஸ் பாரீஸ் கார்னரில். பீச் ஸ்டேஷன் வரை கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 1931-லேயே வந்த சர்வீஸ். மீட்டர்கேஜ் போய் பிராட்கேஜ் ஆச்சு, 2025-ல் ஏ.சி. வண்டியும் வந்தாச்சு. குறை சொல்ல ஒன்றுமில்லை. உட்கார இடம் கேட்கிற பேராசைக்காரர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

வில்லங்கம், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த பிறகுதான். வீட்டுக்கு இன்னும் ரெண்டே கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஏறினால், "இன்னும் ஒரே ஒரு ஆளு சார், வந்ததும் கெளம்பிடலாம்" என்பார் டிரைவர். அந்த ஆள் வந்ததும் இன்னொரு 'ஒரே ஒரு ஆளு' தேவைப்படும். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனதில் விலாசம் கம்பீரமாகிவிட்டது. ரெண்டு கிலோமீட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆபீஸில் ஒரு தம்பி. கல்யாணம் நிச்சயமாகி, வீடு தேடிக்கொண்டிருந்தார். "உள்ள தள்ளிப் போனா வாடகை ரெண்டாயிரம் கம்மி சார்!" என்றார் பெருமையாக.

"எவ்வளவு நேரம் கூட ஆகும்?"

"போக நாப்பது, வர நாப்பது நிமிஷம்."

கால்குலேட்டரை எடுத்தேன். மாதம் 25 நாள் என்றால் 33 மணி நேரம். ரெண்டாயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். "புதுப் பெண்டாட்டியோடு இருக்கவேண்டிய நேரத்தை இந்த ரேட்டுக்கா தம்பி விக்கறீங்க?" என்றேன். பேசவில்லை.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். அன்றைக்கு எல்லா ஊரும் அழகுதான். மழை பெய்கிற திங்கட்கிழமை, ராத்திரி எட்டு மணிக்கு, ஸ்டேஷனிலிருந்து தனியாகப் போங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். ஹவுஸ் ஓனரிடம் கேட்காதீர்கள். அப்புறமும் பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுங்கள்.

தம்பி அப்படியே செய்தார். இப்போது ஸ்டேஷனை ஒட்டிச் சின்ன போர்ஷன். வாடகை ஜாஸ்திதான். ஏழரை மணிக்கு வீட்டில் ரெண்டு பேருமாக உட்கார்ந்து காப்பி சாப்பிடுகிறார்களாம்.

அந்த நேரத்தில் நான் ஷேர் ஆட்டோவில் இருப்பேன். இன்னும் ஒரே ஒரு ஆளு வரணும்.